குழுச்சிந்தனை: சோழர், பாண்டியர் காலச் சபைகளை முன்வைத்து

குழுச்சிந்தனை, அதாவது எடைபோடாமல் எல்லாரும் ஒத்துப்போவது, ஒற்றுமை மிகுந்த கூட்டத்தின் நோய், எதிர்த்துப் பேச நாலு பேர் இருந்தால் அது தீரும் என்பது பரவலான எண்ணம். இரண்டும் தவறு. அமெரிக்கப் பத்திரிகையாளர் வில்லியம் ஒயிட் 1952இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குழுச்சிந்தனை என்ற கருத்தை, 1972இல் உளவியலாளர் இர்விங் ஜேனிஸ் கோட்பாடாக வளர்த்தார். 1961இல் கியூபாப் படையெடுப்பில் சறுக்கிய அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்களில் பலர்தான் 1962 ஏவுகணை நெருக்கடியை நிதானமாகக் கையாண்டார்கள் என்று காட்டியவரும் அவரே. இடையில் மாறியது கலந்து பேசும் முறை. வெளியாரின் கருத்துக் கேட்கப்பட்டது. கென்னடி சில அமர்வுகளுக்கு வராமல் விலகியிருந்தார். நெருக்கம் ஒன்றே கேடு செய்யும் என்பது பிற்காலச் சோதனைகளிலும் உறுதிப்படவில்லை.

முறைதான் முக்கியம் என்பதைத் தமிழகக் கல்வெட்டுகள் வெகு முன்பே உணர்த்துகின்றன. தஞ்சையிலிருந்து ஆண்ட முதலாம் பராந்தகனின் ஆணைப்படி உத்தரமேரூர்ச் சபை 919இலும் 921இலும் வாரியம் என்ற நிர்வாகக் குழுக்களின் தேர்வுக்கு விதி வகுத்தது.  ஊர்ப்பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலையில், அதாவது குடத்தில் இட்ட பெயர் எழுதிய ஓலைகளிலிருந்து, பெயர் எடுக்கவேண்டும்; முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு இடமில்லை; கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். வேண்டியவர்கள் சேர்ந்துகொண்டு ஒரே குரலில் பேசும் வழியையே இவ்விதிகள் அடைத்தன. எதிர்ப்பு மட்டும் போதாது என்பதற்குப் பாண்டிநாட்டு மானூர்க் கல்வெட்டு சான்று. எந்த முன்மொழிவுக்கும் மறுப்புச் சொல்லியே காரியத்தை முடக்குவோருக்கும் அவர்களுக்குத் துணைநிற்போருக்கும் ஏறத்தாழ 800ஆம் ஆண்டிலேயே அந்தச் சபை ஐந்து காசு தண்டம் விதித்தது. மாற்றுக்கருத்தை நெரிக்கவே இவ்விதி உதவியிருக்காதா என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதுதான். ஆனால் தண்டம், எதற்கும் ‘இல்லை’ என்பதையே வழக்கமாகக் கொண்டவருக்கு. காரணம் சொல்லி ஒன்றை மறுப்பவருக்கு அன்று. எதையும் எடைபோடாமல் மறுப்பவரும் எதையும் எடைபோடாமல் ஆமோதிப்பவரும் ஆராய்ச்சியைத் தவிர்ப்பதில் ஒன்றே.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தச் சபைகளில் அமர்ந்தவர்கள் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்கள் மட்டுமே. உத்தரமேரூர் விதி பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலத்தை வாரியத் தகுதிகளில் ஒன்றாக்கியது. காவிரிப் படுகையில் நெல் விளைவித்த உழைப்பாளிகளின் பறைச்சேரிகள், தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஊர்நிலத்திலிருந்து வரிக்குக் கழிக்கப்பட்ட பகுதிகளாக இடம்பெறுகின்றன. பிராமணர்க்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேய ஊர்களின் சபையில் அவர்களுக்கு ஓலை இல்லை. உறுப்பினர்கள் ஒரே பின்னணியினராக இருப்பதையும் ஜேனிஸ் குழுச்சிந்தனைக்கான சூழல்களில் ஒன்றாகச் சேர்த்தார். குடவோலை உறவுக்காரர்களின் கூட்டைக் கலைத்தது. நீரும் நிலமும் யாருக்கு என்பதில் சபையார் அனைவருக்கும் பொதுவாக இருந்த நலனை அதனால் தொட முடியவில்லை.