தகடூர்க் கரும்பும் கடல் கடந்த அடுக்களையும்

அருகன் அறம் போற்றும் குடிகளுக்குத் திருநாள் வழிபாட்டோடு மட்டும் நிறைவுறுவதில்லை. அன்று சமைக்கும் உணவும் அறத்தின் ஒரு கூறே. முதல் தீர்த்தங்கரராகிய விருஷபதேவர் துறவு மேற்கொண்டு நெடுநாள் உண்ணாதிருந்தார். துறவியர்க்கு உணவளிக்கும் முறையை அக்கால மக்கள் அறிந்திலர். பொன்னும் மணியும் கொணர்ந்தனரேயன்றி, ஏற்புடைய உணவைக் கொணர்ந்தாரில்லை. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்து அவர் நோன்பை நிறைவித்தான். அந்நாளே அட்சய திருதியை. ஆகார தானம் கரும்பின் சாற்றோடு தொடங்கிற்று என்பது சமண மரபு.

தமிழகத்தில் கரும்பின் வரலாற்றைத் தேடுவோர் தகடூருக்கே செல்லுதல் வேண்டும். இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். அதனை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் குறிப்பிடுகிறார். விண்ணுலகிலிருந்து கொணர்ந்தனர் என்பது பழைய உரை. கடல் கடந்த நாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. கரும்பு முதன்முதல் பயிரிடப்பட்ட இடம் நியூகினித் தீவு என்று தாவரவியலார் கூறுவது இக்கருத்திற்கு அரண் செய்கிறது. திருநாள் இனிப்புக்கு அடிப்படையான பயிரே அயல்நாட்டிலிருந்து வந்து இம்மண்ணில் வேரூன்றியது. ஆகவே, பொருள்கள் இடம் பெயர்வதால் மரபு அழிந்துவிடுவதில்லை.

அதே தகடூரில் சமண அறமும் தழைத்திருந்தது. நொளம்ப மன்னர் காலத்தில், சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 893இல், நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் உடன்பிறந்தார் இருவர் அங்கு ஒரு பசதியை எழுப்பினர். மகேந்திர நொளம்பனிடமிருந்து பெற்ற மூலபள்ளி என்னும் ஊரை, அப்பசதியின் வழிபாட்டிற்கும் திருப்பணிக்குமாகக் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் ஒப்படைத்தனர். இச்செய்தியைத் தருமபுரிக் கல்வெட்டு கன்னட மொழியில் உரைக்கிறது. அக்கொடை இன்று கல்லெழுத்தாகவே எஞ்சியுள்ளது. தமிழ்ச் சமணக் குடிகள் பெரும்பாலும் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர் முதலிய மாவட்டங்களில்தாம் வாழ்கின்றனர். ஊரையே கொடையாக அளித்தாலும், அறத்தை நாள்தோறும் ஒழுகும் இல்லறத்தார் அருகில் இல்லையேல் பள்ளி நிலைபெறாது. தகடூர் கற்பிக்கும் பாடம் இதுவே.

அக்கல்வெட்டுக்குச் சரியாக 1000 ஆண்டுகளுக்குப் பின், 1893இல், வீர்சந்த் காந்தி சிகாகோ சமயப் பேரவைக்குக் கப்பலேறினார். ஆசாரியர் ஆத்மாராம்ஜி ஊர்திகளில் செல்லலாகாது என்னும் துறவு நெறியினராதலின், அவர் சார்பில் இவர் சென்றார். கடல் கடந்தமைக்காகத் தம் சமூகத்தினர் சிலரின் எதிர்ப்புக்கும் ஆளானார். ஆயினும் அயல்நாட்டிலும் அவர் புலால் மறுத்தலில் வழுவவில்லை. கடல் கடத்தல் வேறு, அறம் கடத்தல் வேறு என்பதை அவர் வாழ்க்கை காட்டிற்று.

இன்று பணியின் பொருட்டு அயல்நாடுகளில் வாழும் குடும்பங்கள் திருநாள் உணவைச் சமைக்கும்போது இவ்வேறுபாட்டை உணர்தல் நலம். வாழையிலை கிடைக்கவில்லையெனில் குறையில்லை, தட்டில் பரிமாறலாம். ஆனால் இரவுண்ணாமை அத்தகையதன்று. மகாவீரர் நிர்வாணமுற்ற தீபாவளித் திருநாள் நவம்பர்த் தொடக்கத்தில் வருமாயின், இலண்டனில் அன்று ஏறத்தாழ மாலை 4.30 மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். பணி முடிந்து வந்து இரவில் விருந்தயர்வது அந்நாட்டு வழக்கமாகலாம். சமண இல்லத்திற்கு அது பொருந்தாது. விடுமுறை நாளொன்றில் நண்பகல் விருந்தாக அமைத்துக்கொண்டால் நோன்பும் காக்கப்படும், உற்றாரும் கூடுவர்.

பொருள்களைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு முதலிய கந்தமூலங்களை விலக்குவது எங்கும் எளிதே. பச்சை இஞ்சிக்கு மாற்றாகச் சுக்கு உண்டு. கண்ணுக்குத் தோன்றாத ஊன்பொருளே அரிதின் அறியத்தக்கது. சில இனிப்புகளில் ஜெலட்டின் கலந்திருக்கும். சில பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பைச் சாறு கொண்டு உறையவைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் கருப்பஞ்சர்க்கரையுள் ஒரு பகுதி எலும்புக்கரியால் வெண்மையாக்கப்படுகிறது. ஆதிபகவனின் நோன்பை நிறைவித்த கரும்பே இவ்வாறு கொலைத் தொடர்புடையதாகிவிடுதல் கூடும். அங்கெல்லாம் வெல்லமே ஏற்றது.

அடையின் மேலுள்ள எழுத்துகளைப் படித்துத் தேரும் பழக்கத்தையும், பொழுது சாயுமுன் உண்ணும் ஒழுக்கத்தையும், தாம் உண்ணுமுன் பிறர்க்கு ஈயும் முறையையும் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு கற்பித்தல் பெற்றோர் கடன். சமையற்குறிப்பை எவரிடமும் கேட்டறியலாம். அதற்குரிய காரணத்தை இல்லத்தில்தான் கற்க இயலும். அக்காரணம் வழங்கும் வரை, எந்நாட்டு அடுக்களையும் அறச்சாலையே.