குதிரை ஆம்புலன்சில் ஒரு பெண் டாக்டர்

பழைய ஹாலிவுட் படங்களில் நம்மவர்கள் அதிகம் பேசாத படம் ஒன்று உண்டு. 1952-ல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த 'தி கேர்ள் இன் ஒயிட்'. இயக்கியவர் ஜான் ஸ்டர்ஜஸ். பின்னாளில் 'தி மேக்னிபிசென்ட் செவன்', 'தி கிரேட் எஸ்கேப்' தந்தவர் என்றால் என் வயதுக்காரர்களுக்கு உடனே விளங்கும். டாக்டராக நடித்தவர் ஜூன் அல்லிசன்.

கதை கற்பனை அல்ல. எமிலி டன்னிங் பேரிஞ்சர் என்ற அம்மையார் 1950-ல் வெளியிட்ட தன்வரலாற்றிலிருந்து எடுத்தது. 1901-ல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். நம் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1899-ல் பட்டம் வாங்கியதும் அதே கல்லூரியில்தான்.

பொது மருத்துவமனையில் பயிற்சி டாக்டராகச் சேர அங்கே போட்டித் தேர்வு உண்டு. எமிலி எழுதினார், நல்ல இடமும் பிடித்தார். ஆனாலும் பெண் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். மேயர் மாறிய பிறகு, 1902-ல் மறுபடியும் எழுதித் தேறி, ஏழைக் குடியேறிகள் நிறைந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் இருந்த கூவர்னர் மருத்துவமனையில் இடம் பெற்றார். 1903 ஜனவரியில் வேலையில் சேர்ந்தபோது வயது 26. அன்றைய ஆம்புலன்ஸ் குதிரை வண்டி. மணி அடித்தால் இரவென்றும் பனியென்றும் பாராமல் ஏறி ஓட வேண்டும். கூட வேலை பார்த்த ஆண் டாக்டர்கள் அவரை விரட்டப் படாத பாடு படுத்தினார்கள். அவர் ஆதரவு கண்டது தெருவில்தான்: வண்டியோட்டிகள், போலீஸ்காரர்கள், நோயாளிகள்.

நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றிலும் இதைப் பார்த்திருக்கிறேன். துறைத் தேர்வில் முதலாவதாக வந்த அம்மாவுக்கு வெளியூர் ஆய்வுப் பணி தரவில்லை. "உங்கள் நன்மைக்குத்தான்" என்றார்கள். பதவி உயர்வு வந்தபோது, ஆய்வு அனுபவம் இல்லை என்று அதே வாயால் சொன்னார்கள். வாய்ப்பையும் கொடுக்காமல், அனுபவம் எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

படத்தில் காதலுக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். 26 வயது டாக்டரைத் தலைப்பிலேயே 'கேர்ள்' ஆக்கியதும் எனக்கு உறுத்தல்தான். அதைவிடப் பெரிய குறை, அவர் பின்னாளில் செய்த காரியம் படத்தில் இல்லாதது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ மருத்துவப் படையில் பெண் டாக்டர்களுக்கு அதிகாரி அந்தஸ்து கிடையாது. அதைக் கேட்டு வாதாடியவர்களில் முன்னால் நின்றவர் இவர். 1943 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்போது எமிலிக்கு வயது 66. தன் கதை படமாக வந்தபோதும் உயிரோடு இருந்தார், 1961-ல் காலமானார்.

குறை இருந்தாலும் பார்க்க வேண்டிய படம். கிடைத்தால் பாருங்கள். வீட்டில் படிக்கிற பேத்தி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பேரன் இருந்தால் அவனையும்தான்.