போகாத இலை: செங்கல்பட்டு மண் தந்த சான்றுகள்

தமிழில் தூது நூல்களைக் கற்றோர் சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ என்னும் சிறுநூலை அறிந்திருப்பர். அன்னத்தையும் மேகத்தையும் தென்றலையும் தூதனுப்பிய மரபில், பழனி முருகனிடம் புகையிலையைத் தூதனுப்பிய நூல் அது. புகையிலையின் பெயருக்கு அதில் ஒரு கதை உண்டு. மும்மூர்த்திகளும் தந்த மூன்று இலைகளில் வில்வம் கங்கையோடும் துளசி பாற்கடலோடும் போய்விட, நான்முகனுக்குரிய இலை மட்டும் போகாமல் நின்றதாம். போகாத அந்த இலையே புகையிலை ஆயிற்று என்பது புலவரின் சொல்நயம். விளையாட்டாகச் சொன்னதுதான் என்றாலும், ஒரு பழக்கத்தின் இயல்பை இதைவிடச் சுருங்கச் சொல்வது அரிது.

போகாத இலையைப் போகச் செய்வது எப்படி? மருத்துவ உலகம் இக்கேள்விக்குத் தேடிய விடையில் ஒரு பகுதி, பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களிலிருந்து கிடைத்தது. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

இருமுறை எண்ணப்பட்ட மண்

செங்கல்பட்டு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பாலாற்றுக் கரையும், மாமல்லபுரத்துக் கற்றளிகளும், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும். இம்மண்ணுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2000 ஊர்களை வீடு, குடி, ஏரி, விளைநிலம் என வகைபிரித்துக் கணக்கெடுத்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து இம்மாவட்டத்து ஊர்கள் மீண்டும் வீடுவீடாக எண்ணப்பட்டன. முதலில் எண்ணியவர்களின் நோக்கம் வருவாய். பின்னர் வந்தவர்கள் தேடியது காசநோயை.

அதற்கான அடித்தளம் சென்னையில் அமைந்தது. 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் தங்கி மருந்துண்ட நோயாளிகளையும் வீட்டிலிருந்தே உண்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்று 1959இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது.

அடுத்து 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. சுமார் 3,66,000 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் சுமார் 2,81,000 பேருக்கு, சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு மருந்தற்ற ஊசியுமாக, குலுக்கல் முறையில் போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு 1979இல் வெளியானது. பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே உறுதிசெய்தது. விரும்பிய விடை வரவில்லை என்பதற்காக ஒருவரும் கணக்கை மாற்றவில்லை. இன்றும் மருத்துவ நூல்களில் ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்றால் இதைத்தான் குறிக்கும்.

புகையைப் பற்றிய கேள்வி

1997இல் மாவட்டம் பிரிந்தபோது வடபகுதி திருவள்ளூர் மாவட்டமாயிற்று. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து, மாமல்லபுரம் கடற்கரை உள்ளிட்ட இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. பெயர்கள் மாறினாலும் திருவள்ளூர்ப் பகுதியில் காசநோய் ஆய்வு தொடர்ந்தது.

புகைக்கும், காசநோய்க்கும் உள்ள உறவை அங்கு ஆராய்ந்த சென்னை காசநோய் ஆராய்ச்சி மைய அறிஞர் இருவரின் கட்டுரை 2002இல் வெளிவந்தது. 20 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களில் காசநோயுற்ற 85 பேரும், நோயற்ற 459 பேரும் ஒப்பிடப்பட்டனர். புகைப்போருக்கு நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. நாளொன்றுக்குப் பத்துக்குள் நிறுத்துவோரிடம் ஒன்றே முக்கால் மடங்காக இருந்த வாய்ப்பு, இருபதைத் தாண்டுவோரிடம் மூன்றரை மடங்கைக் கடந்தது. புகை கூடக்கூட நோயும் கூடுகிறது என்பது, இவ்வுறவு தற்செயலானதன்று என்பதற்கு வலுவான அடையாளம்.

மறு ஆண்டே, 2003இல், மருத்துவர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோ, நரம்பியல் அறுவை மருத்துவத்தில் முன்னோடியான டி.எஸ். கனகா, பிரபாத் ஜா ஆகியோரின் பேராய்வு வெளிவந்தது. சென்னையிலும், செங்கல்பட்டுக்குத் தெற்கே அடுத்துள்ள விழுப்புரத்திலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் சென்றனர். இறந்தவர் எந்நோயால் இறந்தார், புகைத்தாரா என்று குடும்பத்தாரைக் கேட்டுப் பதிந்தனர். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டபோது, புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது நான்கு மடங்குக்கும் மேல் என்று கண்டனர். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையே காரணம் என்று கணித்தனர். புகை என்றால் புற்றுநோய் என்றே எண்ணியிருந்த உலகுக்கு இது புதிய செய்தி.

மூன்றாவது சான்று 2005இல் வந்தது. திருவள்ளூரில் சிகிச்சை முடித்துக் குணமடைந்த 503 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 62 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை ஒழுங்காக உண்ணாமையோடு புகைபிடித்தலும் அதற்குக் காரணமாக நின்றது. ஆறு மாதம் மருந்துண்டு வென்ற நோயை ஒரு பீடிக்கட்டு மீண்டும் அழைத்துவர முடியும் என்பதே இதன் பொருள்.

எண் சொல்லாக வேண்டும்

ஆனால் 43,000 மரணங்களின் கணக்கைக் கேட்டு எவரும் பீடியைக் கீழே போட்டுவிடுவதில்லை. நிக்கோட்டினுக்குப் பழகிய உடல் அதைக் கேட்கிறது. விட்ட முதல் சில நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் படுத்துகின்றன. இங்கே வேறுவகைச் சான்று தேவைப்படுகிறது.

1979இல் இலண்டனில் மைக்கேல் ரஸ்ஸலும் அவர்தம் குழுவினரும் 28 குடும்ப மருத்துவர்களைக் கொண்டு அதை ஆராய்ந்தனர். ஒன்றும் சொல்லப்படாத நோயாளிகளில் ஓராண்டு முழுதும் புகையை விட்டிருந்தோர் நூற்றுக்கு 0.3 பேர், மருத்துவர் ஓரிரு நிமிடம் அறிவுரை கூறி, துண்டறிக்கை தந்து, பின்னர் விசாரிப்பேன் என்றும் சொன்னவர்களில் 5.1 பேர். சிறு எண்தான். ஆயினும் நாள்தோறும் எத்தனை ஆயிரம் பேர் மருத்துவர்முன் அமர்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அளவு விளங்கும். நிக்கோட்டின் மெல்லுபசை போன்ற துணைகள் இவ்வாய்ப்பை மேலும் ஒன்றரை மடங்காக்குகின்றன. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பதாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2004இல் சொன்னதும் நம்பிக்கையூட்டுவதே: முப்பது வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்தாண்டு ஆயுளையும், அறுபதில் விட்டவர்கூட மூன்றாண்டையும் திரும்பப் பெறுகின்றனர்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காசநோயாளியே இவ்வுதவிக்கு முதல் உரிமையுடையவர் என்பது புலனாகும். மாதக்கணக்கில் அவர் மருத்துவப் பணியாளரைச் சந்திக்கிறார். நெஞ்சின் வலி அவரைக் கேட்கும் மனநிலையில் வைத்திருக்கிறது. 2002இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உள்ளிட்ட 13 இடங்களில் புகையிலை விடுவிப்பு மையங்கள் தோன்றின. காசநோயாளி ஒவ்வொருவரிடமும் புகையிலைப் பழக்கத்தைக் கேட்டு அறிவுரை கூறவேண்டும் என்று 2017இல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது.

நெறிமுறை தாளில் இருக்கிறது. அது சென்றடைய வேண்டியது மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களையும் தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவர் குப்பங்களையும். கருங்கல்லைச் செதுக்குவோர் சுவாசிக்கும் சிலிக்காத் தூசியே காசநோய்க்கு வழிவகுப்பது. இயந்திரங்கள் வந்தபின் தூசி இன்னும் நுண்மையாயிற்று. அதனோடு புகையும் சேர்ந்தால் அந்நெஞ்சு எதைத் தாங்கும்? பல்லவர் காலத்துச் சிற்பிகளின் பெயர்களைத் தேடி நாம் வருந்துகிறோம். இன்றைய சிற்பியின் இருமலைக் கேட்டு, “ஐயா, பீடி பிடிப்பதுண்டா? விட்டுவிடுங்கள், துணை நிற்கிறோம்” என்று சொல்ல ஓரிரு நிமிடமே போதும்.

தம் வீட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் தம் நோயையும் தம் வீட்டு மரணங்களையும் ஒளிக்காமல் சொன்னவர்கள் இப்பகுதி மக்கள். அவர்கள் சொன்னதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. கற்றதை அவர்களுக்கே திருப்பித் தருவது நாம் பட்டிருக்கும் கடன்.