துயர நாளை நினைத்தல்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் வரலாற்று மன்றத்தார் ஏப்ரல் 13ஆம் நாள் தம் மன்றத்தில் உரையாற்றுமாறு என்னை அழைத்திருந்தனர். ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள் அது. அந்நாளில் பேசுவது எனக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் எங்கேனும் ஒரு மேடையில் பேசி வந்தவன் நான். பழகிய பாதையில் செல்லும் வண்டிமாடுபோல் என் நாவும் தானே சென்றது. குழந்தை என்றும் முதியோர் என்றும் பாராமல் ஆயிரமாயிரம் பேரை டயர் சுட்டு வீழ்த்தினான் என்றும், அக்குருதியில் விடுதலைப் பயிர் விளைந்தது என்றும் முழங்கி அமர்ந்தேன். கைதட்டல் எழுந்தது. துயர நாளில் கைதட்டல்! அப்போது அது எனக்கு உறுத்தவில்லை என்பதை இன்று நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டம் கலைந்த பின் முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். “ஐயா, இறந்தவர்கள் சரியாக எத்தனை பேர்? அவர்களுள் ஒருவர் பெயராவது தங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். சுடுமாறு ஆணையிட்டவன் பெயர் எனக்குத் தெரியும். அவனை ஆதரித்த ஆளுநர் பெயரும், விசாரித்த குழுவின் தலைவர் பெயரும் தெரியும். மாண்டவருள் ஒருவர் பெயரும் என் நினைவுக்கு வரவில்லை. நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன், அந்தப் பெண்ணின் முன் வாய் அடைத்து நின்றேன்.

அன்று முதல் நான் தேடித் தெரிந்துகொண்டவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

அமிர்தசரஸில் நடந்த அந்நிகழ்ச்சியின் தொடக்கம் நம் சென்னையில் இருக்கிறது. 1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் காந்தியடிகள் சென்னைக்கு வந்து இராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். விசாரணையின்றிச் சிறையிடும் ரௌலட் சட்டத்தை எதிர்ப்பது எவ்வாறு என்பதே அவருடைய கவலை. ஒரு நாள் விடியற்பொழுதில், உறக்கமும் விழிப்பும் கலந்த நிலையில், நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி நோன்பிருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. அந்நாள் ஏப்ரல் 6 என்று குறிக்கப்பட்டது. அமிர்தசரஸ் நகரம் அதை அமைதியாகவே கடைப்பிடித்தது. ஏப்ரல் 9ஆம் நாள் இராமநவமி. அன்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே குவளையில் நீர் அருந்தி ஊர்வலம் சென்றனர். ஆட்சியாளரை அச்சுறுத்தியது அந்தக் குவளைதான் என்று நான் கருதுகிறேன். மறுநாளே டாக்டர் சத்தியபால், டாக்டர் கிச்சலு என்னும் இரு தலைவர்களையும் கைது செய்து ஊரைவிட்டு அகற்றினர். அவர்களை விடுவிக்குமாறு முறையிடச் சென்ற கூட்டத்தின்மீது குண்டு பாய்ந்தது. கூட்டம் வெறிகொண்டது, வங்கிகள் எரிந்தன, ஐரோப்பியர் ஐவர் கொல்லப்பட்டனர்.

இந்த ஐவரை நம் மேடைகளில் யாரும் குறிப்பிடுவதில்லை. நானும் குறிப்பிட்டதில்லை.

ஏப்ரல் 13 பைசாகித் திருநாள். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருவது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து கோவிலுக்கும் சந்தைக்கும் வந்திருந்தோர் பலர். கூட்டம் கூடலாகாது என்ற தடையாணை நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் எட்டவில்லை. மாலையில் அந்தத் திடலில் பல்லாயிரவர் கூடியிருந்தபோது டயர் ஐம்பது துப்பாக்கி வீரர்களோடு உள்ளே நுழைந்தான். எச்சரிக்கை இன்றிச் சுட ஆணையிட்டான். பத்து நிமிடம், 1650 குண்டுகள். காயமுற்றோருக்கு எவ்வுதவியும் செய்யாமல் திரும்பிப் போனான். பிறகு ஹண்டர் குழுவின் முன், அது தன் வேலையன்று என்றும், மருத்துவமனைகள் திறந்துதான் இருந்தன என்றும் கூறினான். இரவு எட்டு மணிக்குமேல் வெளியே வருவோர் சுடப்படுவர் என்ற ஆணையும் அப்போது நடப்பில் இருந்தது.

அவ்விரவைப் பற்றி ஒரு பெண் காங்கிரஸ் விசாரணைக் குழுவிடம் அளித்த வாக்குமூலம் இருக்கிறது. அவள் வீடு திடலுக்கு அருகில். வெடியோசை கேட்டு ஓடியவள், பிணக்குவியலுக்கிடையே கணவன் உடலைக் கண்டாள். தூக்கிச் செல்லக் கட்டில் ஒன்று வேண்டும். உதவிக்கு ஆள் வேண்டும். எட்டு மணி கடந்துவிட்டது. எவரும் வெளியே வரத் துணியவில்லை. நாய்கள் குரைத்தன. ஒரு மூங்கிற் கழியைத் தேடி எடுத்துக்கொண்டு, நாய்கள் அணுகாமல் விடியும்வரை உடலருகே அமர்ந்திருந்தாள். பக்கத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தான். தன்னை விட்டுப் போய்விட வேண்டாம் என்று அவன் கெஞ்சினான். கணவனை விட்டு எங்கே போவேன் என்றாள் அவள். பின்பு அவன் தண்ணீர் கேட்டான். அங்கே தண்ணீர் கிடைக்கவில்லை.

பன்முறை மேடை ஏறிய நான் இவ்வாக்குமூலத்தை அதுவரை படித்ததில்லை. என் முழக்கத்துக்கு அது தேவைப்படவில்லை.

இனி அந்த மாணவியின் முதற் கேள்விக்கு வருகிறேன். அரசு உடனே கணக்கெடுக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில்தான் இறந்தோர் விவரம் தெரிவிக்குமாறு மக்களைக் கேட்டது. யார் வருவார்? தடையை மீறிய கூட்டத்தில் என் மகன் இருந்தான் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாள் வாசலில் யார் வந்து நிற்பாரோ என்ற அச்சம் வீடுதோறும் இருந்தது. சேவா சமிதி என்னும் தொண்டர் அமைப்பு நகரில் விசாரித்துப் பெயர்களைத் திரட்டிற்று. அவ்வாறு கிடைத்த தொகையே 379. ஆண்கள் 337 பேர். சிறுவர் 41 பேர். பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தை ஒன்று. காங்கிரஸ் குழு, இறந்தவர் ஆயிரவர் அளவில் இருப்பர் என்று மதிப்பிட்டது. பின்னாளில் திடலில் வைத்த கல்வெட்டோ ஏறத்தாழ இரண்டாயிரவர் குருதியால் நனைந்த இடம் என்றது.

1997ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசி எலிசபெத் அங்கே மலர்வளையம் வைத்தபோது, உடன் சென்ற அவர் கணவர் பிலிப் அக்கல்வெட்டைப் படித்துவிட்டு, இது மிகை என்றார். தம்மோடு கடற்படையில் பணிபுரிந்த டயரின் மகன் கூறியதைச் சான்றாகவும் காட்டினார்! நாடு சினந்தது, சினந்தது முறையே. ஆயினும் அவருக்கு அந்தப் பிடியைக் கொடுத்தது யார்? என்போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. தொகையை ஏற்றிச் சொன்னால் துயரம் பெரிதாகும் என்று நாம் எண்ணினோம். பெயர் கொடுக்கவும் அஞ்சித் தாய்மார் மகனை இழந்ததை மறைத்தார்களே, அதைச் சொல்லியிருந்தால் அந்த ஆட்சியின் கொடுமை எந்தத் தொகையினும் தெளிவாய் விளங்கியிருக்கும்.

இனி அந்த ஐவர். ஏப்ரல் 10ஆம் நாள் கிறித்தவ ஆசிரியை ஒருவரும் ஒரு சந்தில் கொடுமையாகத் தாக்கப்பட்டார். அவரைத் தூக்கிக் காப்பாற்றியவர்கள் இந்தியர்களே. பின்பு டயர், அந்தச் சந்து வழியே செல்லும் இந்தியர் யாவரும் வயிறு தரையில் பட ஊர்ந்து செல்ல வேண்டும் என்று ஆணையிட்டான். அடித்தவர் எங்கோ போயினர். அங்கே குடியிருந்தோர் ஊர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு அதே அமிர்தசரஸ் நகரில் கூடிற்று. காயம் ஆறவில்லை; குருதி உலர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. அந்த அவையில் காந்தியடிகள், நம் மக்கள் செய்த கொலைகளையும் தீவைப்பையும் கண்டிக்க வேண்டும் என்றார். அவர் தீர்மானத்தை முதலில் ஏற்க மறுத்தனர். அவர் விடவில்லை, முடிவில் நிறைவேறிற்று. துயரத்தின் நடுவிலும் தம் பக்கத்துப் பிழையைச் சொல்லும் துணிவு அந்த அவைக்கு வாய்த்தது. எனக்கு அந்தத் துணிவு கல்லூரி மேடையிற்கூட வாய்க்கவில்லை.

நினைவைப் பழியாக மாற்றியவரும் உண்டு. உதம்சிங் 1940 மார்ச் 13ஆம் நாள் லண்டன் காக்ஸ்டன் மன்றத்தில் சுட்டது, படுகொலைக் காலத்தில் பஞ்சாப் ஆளுநராயிருந்த மைக்கேல் ஓட்வயரை. தேர்வுத் தாள்களில் டயரைச் சுட்டதாக எழுதும் மாணவர் பலர். டயர் 1927இலேயே இறந்துவிட்டான். தூக்குமேடை ஏறிய உதம்சிங்கின் துணிவை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்நாளை நினைத்தவர்கள் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

1920 முதல் ஏப்ரல் 6 தொடங்கி 13 முடிய உள்ள எட்டு நாள்களையும் ‘தேசிய வாரம்’ என்று கொண்டாடினர். கொண்டாட்டம் என்பது பழக்கத்தால் வந்த சொல். உண்மையில் நோன்பிருந்தனர், நூல் நூற்றனர், பொதுப்பணிக்குப் பொருள் திரட்டினர். திரட்டிய பொருளைக் கொண்டே அந்தத் திடலையும் விலைக்கு வாங்கினர். 1930இல் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பு அள்ளியது ஏப்ரல் 6ஆம் நாள். நம் நாட்டில் இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடைப்பயணம் புறப்பட்ட நாள் எது தெரியுமா? ஏப்ரல் 13. தொண்டர்களுக்குச் சோறிட்டால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். ஒருவரும் கையால் வழங்கவில்லை. ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை! தடையாணையை அறியாது வந்து மாண்டவர்களின் நாளில், தடையாணையை நன்கறிந்தே நடந்தவர்கள் இவர்கள். பஞ்சாபுக்கும் காவிரிக் கரைக்கும் இடையே ஒரு தேதி பாலமாயிற்று. அந்த மாணவி கேட்டிராவிடில் இதையும் நான் கவனித்திருக்கமாட்டேன்.

திடலில் நினைவுத்தூண் எழுந்து 1961 ஏப்ரல் 13ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதைத் திறந்து வைத்தார். குண்டு துளைத்த சுவர்கள் இன்றும் இருக்கின்றன. டயர் நுழைந்த சந்து முன்பெல்லாம் வெறும் செங்கற் சுவர்களுக்கு இடையே குறுகி நின்றது. 2021ஆம் ஆண்டுத் திருப்பணியில் அச்சுவர்களில் மனித உருவச் சிற்பங்களை அமைத்தனர். ஒலி ஒளிக் காட்சியும் ஏற்பட்டது. வரலாற்றாளர் பலர் வருந்தினர். நானும் அவர்கள் பக்கமே. அந்த வெறுஞ்சுவர் போதும். அதன் நடுவே நடப்பவனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மறு ஆண்டு அதே மன்றத்தார் மீண்டும் அழைத்தனர். நான் உரை எழுதிச் செல்லவில்லை. பெயர்ப் பட்டியலின் படி ஒன்றை எடுத்துச் சென்றேன். மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஆளுக்குப் பத்துப் பெயராக வாசித்தனர். பஞ்சாபிப் பெயர்கள் நம் நாவில் எளிதில் வருவன அல்ல. தடுமாறினர், திருத்திக்கொண்டு மீண்டும் வாசித்தனர். தொடக்கத்தில் பின்வரிசையில் சிறிது சிரிப்பும் எழுந்தது. வயது பத்து, வயது பன்னிரண்டு என்று வரத் தொடங்கியதும் அது நின்றது. வானொலியார் எனக்கு அளித்திருக்கும் பதினைந்து நிமிடத்துள் டயரின் வேலை முடிந்து ஐந்து நிமிடம் எஞ்சியிருக்கும். பெயர்களை வாசித்து முடிக்கவோ அன்று முப்பத்தொரு நிமிடம் ஆயிற்று. கைதட்டல் எழவில்லை.

கடைசிப் பத்துப் பெயர்களை வாசித்தவள் அந்த மாணவிதான். தாளை மடித்து என்னிடம் தந்தவள், “பெயர் கொடுக்க அஞ்சிய வீட்டாரின் பிள்ளைகள் இதில் இல்லையே, ஐயா, அவர்களுக்கு என்ன செய்வது?” என்று கேட்டாள். அவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம்.