செஞ்சிப் பாறையில் ஒவ்வா டயர்கள்: பகுதிநேர நாற்சக்கர இயக்கம் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

முன் அச்சில் ஒரு சுற்றளவு, பின் அச்சில் வேறொரு சுற்றளவு என்று டயர் மாட்டிக்கொண்டு ஓடும் பகுதிநேர நாற்சக்கர வண்டிக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்சி, தார், 2023இல் வந்த ஜிம்னி எல்லாம் இவ்வகை. சாதாரண ஓட்டத்தில் இவற்றின் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இழுவிசை போகும். லீவரைத் தள்ளி ‘ஃபோர் வீல்’ போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடும். நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆகவேண்டும்.

இடது, வலது டயர்களுக்குள் வேறுபாடு இருந்தால் அதை அச்சின் டிஃபரென்ஷியல் வாங்கிக்கொள்ளும். அதன் பற்கள் நேர்ச்சாலையிலும் ஓய்வில்லாமல் உழைத்துத் தேயும், அவ்வளவே. அதை இத்தோடு விடலாம்.

செஞ்சியைக் களமாகக் கொண்டது அதன் தரைக்காக. கோட்டைக்காக அல்ல, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த மலைகளில் வண்டிக்கு வேலையில்லை. ஆனால் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பிரித்துக்கொண்டு திருவண்ணாமலை நோக்கிப் போகும் சாலையை விட்டு இறங்கினால் சிறிது தொலைவுக்குள்ளேயே தார்ச்சாலை, செம்மண், ஏரி வண்டல், வெறும் கருங்கல் பாறை என நான்கு தரைகள் வந்துவிடுகின்றன. டயர் வேறுபாட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது.

2. எண்ணும் உருளலும்

2020 அக்டோபரில் வந்த தார் இரண்டு டயர் அளவுகளில் விற்பனையானது: 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18. ஒரே பெயர் கொண்ட வண்டியின் சக்கரங்கள் என்பதால், பழைய அலாய் வீல் வாங்கும்போது இவை கலந்துபோக வாய்ப்பு உண்டு. முதலாவதன் விட்டம் கணக்குப்படி 774 மி.மீ., இரண்டாவது 789 மி.மீ. வேறுபாடு 1.9 சதவீதம். கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓட சிறியது 411 சுற்றும், பெரியது சுமார் 403½ சுற்றும் சுற்றவேண்டும். அச்சின் பல்விகிதம் 4:1 என்று வைத்துக்கொண்டால், பூட்டப்பட்ட இரு ஷாஃப்டுகளுக்கும் இடையே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 31 சுற்று வேறுபாடு சேர்கிறது. இரும்பு அவ்வளவு முறுக்குத் தாங்காது. எங்காவது ஒரு டயர் வழுக்கியாக வேண்டும், இல்லையேல் ஏதாவது ஒடியவேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் ஒரே எண் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் பெரிய ஏமாற்றம். புதிதில் 10 மி.மீ. பள்ள ஆழமுள்ள டயர் 3 மி.மீ.க்குத் தேய்ந்தால் விட்டத்தில் 14 மி.மீ. குறையும். ஏட்டளவில் அதுவும் 1.8 சதவீதம், அதாவது வேறு அளவு டயர் மாட்டியதற்குச் சமம். சட்டம் 1.6 மி.மீ. வரை ஓட்ட விடுகிறது என்பதால் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. புதிதாக இரண்டு டயர் மட்டும் வாங்கிப் போடுகிற சிக்கனம் பகுதிநேர வண்டியில் இப்படித்தான் கணக்கில் ஏறுகிறது. ஒரே அளவிலேயே கம்பெனிக்குக் கம்பெனி உண்மைச் சுற்றளவு சற்று மாறுவதும் உண்டு.

எண்ணை நம்பாமல் உருட்டிப் பார்ப்பதே சரியான அளவீடு. சரியான காற்றழுத்தத்தில், ‘ஃபோர் வீல்’ போடாமல், டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நேரான தரையில் வண்டியைப் பத்துச் சுற்று உருட்டி டேப்பால் அளந்தால் போதும். மேற்சொன்ன இரு டயர்களுக்கும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் தெரியும்.

3. தரையின் பங்கு

நடைமுறையில் ஒவ்வா டயர் வண்டிகள் பல வருடங்கள் தொல்லையின்றி ஓடுகின்றன. பின்சக்கர ஓட்டத்தில் முன் ஷாஃப்ட் விடுபட்டிருப்பதால் பிணக்கு எழுவதில்லை. நான்கு சக்கரமும் தானாகவே சேர்ந்து இயங்கும் கிளட்ச் வகைக் கார்கள் இந்த விஷயத்தில் பாவப்பட்டவை; அவற்றுக்குத் தார்ச்சாலையிலேயே தேய்மானம் தொடங்கிவிடும். பகுதிநேர வண்டியின் இந்தப் பொறுமையே உரிமையாளரை மெத்தனமாக்குகிறது.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி வண்டலில் ‘ஃபோர் வீல்’ போட்டால் 1.9 சதவீதம் ஒரு பொருட்டே அல்ல. சேற்றில் சக்கரம் அதைவிடப் பலமடங்கு வழுக்குகிறது. சேறே டிஃபரென்ஷியலின் வேலையைச் செய்துவிடும். காய்ந்த செம்மண் தடமும் மேல்மண் தளர்ந்திருக்கும் வரை அப்படியே. சிக்கல் சேற்றைவிட்டு ஏறும்போதுதான். 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தது. அதுபோன்ற வெள்ளத்தில் சேறும் தாரும் மாறிமாறி வரும். லீவரைத் திரும்ப இழுக்க மறந்தவர் தண்ணீர் வடிந்த சாலையில் வண்டியை முறுக்கிக்கொண்டே போவார்.

செஞ்சியின் தனிச்சிக்கல் பாறை. சாலையை விட்டு இறங்கினால் ‘ஃபோர் வீல்’ போடலாம் என்பது பலர் படித்த பாடம். மலையடிவாரத் தடங்களிலும் கல் குவாரி வழிகளிலும் குறுக்கே வரும் காய்ந்த கருங்கல் தளமோ தாரைப் போலவே டயரைப் பிடிக்கிறது. பத்து மீட்டர் போவதற்குள் ஏதாவதொரு சக்கரம் 19 செ.மீ. வழுக்கியாக வேண்டும், வழுக்காவிட்டால் ஷாஃப்டில் கால் சுற்றுக்கும் மேல் முறுக்கு. குண்டும் பிளவுமான பாறையில் சக்கரம் அவ்வப்போது அந்தரத்தில் தூக்கப்படுவதால் முறுக்கு தானாகக் கழன்றுவிடும். ஆகவே, பார்க்கப் பயமுறுத்தும் கற்குவியலைவிட வழவழப்பான சாய்தளமே மோசமானது.

4. வளைவும் டிராக்டரும்

டயர்கள் துல்லியமாக ஒத்திருந்தாலும் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதை ஓடுகின்றன. தாரின் அச்சிடைத் தூரம் 2.45 மீட்டர். பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முன் அச்சின் ஆரம் 6.48 மீட்டர், 8 சதவீதம் கூடுதல். முன்னால் சிறிய டயர் இருந்தால் அது இன்னும் வேகமாகச் சுற்றவேண்டியதாகி இரண்டு பிணக்கும் கூடி 10 சதவீதத்தை நெருங்கும். முன்னால் பெரியது இருந்தால் ஒன்றை ஒன்று தின்று 6 ஆகக் குறையும். எந்த அச்சில் எது என்பது, எவ்வளவு வேறுபாடு என்பதற்கு இணையாக முக்கியம்.

இதை வயலில் ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறார்கள். நாற்சக்கர டிராக்டரின் முன்டயர் சிறிது, பின்டயர் பெரிது. வேறுபாட்டைப் பல்விகிதம் ஈடுகட்டுகிறது. அதோடு முன்சக்கரம் பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரை முந்தி உருளும்படி வேண்டுமென்றே வைக்கிறார்கள். முன்சக்கரம் இழுத்துக்கொண்டு போகவும், திருப்பம் எளிதாகவும் இது உதவும். டிராக்டரிலும் ஒரு ஜோடியை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்குக் குலையும்.

5. பட்டறை அறிகுறிகள்

லீவர் திரும்ப வராமல் இறுகிக்கொள்வது முதல் அடையாளம். ஸ்டீயரிங் கனக்கும், டயர் கீச்சிடும். வண்டியை நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். முறுக்கேறிய நிலையில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குவது ஆபத்து. அது சட்டென்று சுழன்று கையைப் பதம் பார்க்கும். நாளடைவில் அடிவாங்குபவை ஜாயிண்ட் கிராஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின், கிரவுன் பினியன்.

6. ஜோடி வைக்கும் முறை

நான்கையும் சேர்த்து மாற்றுவதும், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றிச் சமமாகத் தேய்ப்பதும் சிறந்தவை. முடியாதபோது ஒத்த இரண்டும் ஒரே அச்சில் இருக்கவேண்டும். எந்த அச்சில் என்பதில் இரு நியாயங்கள் மோதுகின்றன. வளைவுக் கணக்கு பெரியதை, அதாவது தேயாததை, முன்னால் போடச் சொல்கிறது. மழைச்சாலைப் பாதுகாப்போ ஆழமான டயரைப் பின்னால் கேட்கிறது. பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். செஞ்சி வண்டிகள் பாறையில் கழிப்பது நிமிடங்கள், திண்டிவனம் சாலையில் கழிப்பது மணிக்கணக்கு. எனவே புதியதைப் பின்னால் போட்டுவிட்டு, பாறைத்தளம் வரும்போதெல்லாம் லீவரைப் பின்சக்கர ஓட்டத்துக்கு இழுத்துக்கொள்வதே என் தேர்வு.