காணாத கூண்டை ஓட்டிய கை: தங்கவயலின் வைண்டிங் எந்திரமும் கணினிப் பந்தய விளையாட்டும்

கோலார் தங்கவயலில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றிய வைண்டிங் டிரைவர், தான் ஓட்டிய கூண்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டு ஓட்டியவர் அல்லர். அவருடைய இருக்கை எந்திரக் கூடத்துக்குள் இருந்தது. அவர் முன் சுழன்ற பேருருளையிலிருந்து புறப்பட்ட இரும்பு வடம் சுவரைத் தாண்டி ஹெட்கியரின் உச்சிச் சக்கரத்தில் ஏறி, அங்கிருந்து நேராகக் குழிக்குள் இறங்கியது. வடத்தின் முனையில் கூண்டு, கூண்டுக்குள் மனிதர்கள். அவர்கள் எந்த ஆழத்தில் இருக்கிறார்கள் என்பதை ஆழங்காட்டியின் முள்ளும், உருளையின் விளிம்பில் பூசிய வண்ணக் குறிகளும், மணியோசையும் மட்டுமே அவருக்குச் சொல்லின.

கணினிப் பந்தய விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதைப் படத்தின் வரலாறாகவே எழுதுகின்றனர். புள்ளிகள் கோடுகளாயின, கோடுகள் பரப்புகளாயின, பரப்புகளில் மழைத்துளியும் நிழலும் வந்து சேர்ந்தன, ஆகவே மெய்மை வளர்ந்தது என்பது அவ்வரலாற்றின் சாரம். தங்கவயலின் எந்திரக் கூடத்தில் நின்று பார்த்தால் இந்த வரிசை ஐயத்துக்குரியதாகிறது. அங்கே காட்சி என்று ஒன்றுமே இல்லை. ஆயினும் அந்த ஓட்டத்தைவிட மெய்யான ஓட்டம் வேறெது?

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இப்பகுதிச் சுரங்கங்களின் மேலாண்மையை ஏற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ் பேசிய ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், நிலத்தடி வேலையின் பெருஞ்சுமையைத் தாங்கினர். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கம்பி வழியே தங்கவயலை வந்தடைந்தது. நீராவி எந்திரங்கள் படிப்படியாக விலகின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேலான ஆழத்தை எட்டி உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வளவு ஆழத்தை அங்கே ஒரே வடத்தால் எட்டவில்லை. ஆகவே ஒரு குழியில் இறங்கியவர்கள் நிலத்துக்கு அடியிலேயே இன்னொரு குழிக்கு மாறி மேலும் இறங்கினர். 1965இல் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்த அறிவியலாளர்களின் கருவிகளும் இக்குழிகளின் வழியாகவே கீழே சென்றன.

வைண்டிங் எந்திரத்தை ஓட்டுவதன் நுட்பம் அதன் சுமை மாறிக்கொண்டே இருப்பதில் உள்ளது. பொதுவாக இரண்டு கூண்டுகள் எதிரெதிராக இயங்கும். ஒன்று ஏற, மற்றது இறங்கும். கூண்டுகளின் எடை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் வடத்தின் எடை அப்படியன்று. ஓட்டம் தொடங்கும்போது ஏற வேண்டிய பக்கத்தில் வடத்தின் முழு நீளமும் தொங்குகிறது. எந்திரம் வலிந்து இழுக்க வேண்டும். நடுவழியில் இரு பக்கமும் சமமாகின்றன. அதற்குப் பின் இறங்கும் பக்கத்து வடம் கனத்து, உருளையைத் தானே இழுக்கத் தொடங்குகிறது. கைப்பிடியால் விசை கொடுத்தவர் அதே ஓட்டத்தின் பிற்பாதியில் விசையைத் தடுப்பவராக மாற வேண்டும். மிகு ஆழத்தில் வடத்தின் எடை அது தூக்கும் பொருளின் எடையையே விஞ்சிவிடும். அதோடு வடம் நீளவும் செய்யும்: கூண்டில் ஆட்கள் ஏறினால் அது சற்றுத் தாழும், இறங்கினால் சற்று உயரும். முள் காட்டும் ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு வேறுபாட்டை எந்தக் கருவியும் காட்டாது. அதை அறிந்திருந்தது டிரைவரின் கை.

மணிக்குறி அந்தக் கைக்குக் காதாயிற்று. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. மூன்று மணி என்றால் பயணம் செய்யப்போவது மனிதர்கள். கீழ்த்தளத்தில் நிற்பவர் மணி அடிக்க, மேலே குழிவாயிலில் நிற்கும் பேங்க்ஸ்மேன் அதற்கு மறுகுறி தர, அதன் பின்னரே எந்திரம் அசையும். மண்ணையும் கல்லையும் தூக்கும் ஓட்டம் வேறு, மனிதரைத் தூக்கும் ஓட்டம் வேறு. எந்திரம் ஒன்றேயானாலும் வேகமும் தடுப்பும் மாறும். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிமுறைகளும் இந்தக் குறிகளையும் டிரைவருக்குரிய தகுதிச் சான்றிதழையும் கட்டாயமாக்கின.

இனி விளையாட்டுக்கு வரலாம். 1974இல் அடாரி வெளியிட்ட ‘கிரான் ட்ராக் 10’ ஸ்டீயரிங், கியர், மிதி ஆகியவற்றோடு வந்த தொடக்ககாலப் பந்தய எந்திரம். படமோ மேலிருந்து பார்க்கும் புள்ளிக்கோலம். 1976இல் வந்த ‘நைட் டிரைவர்’ இன்னும் சிக்கனமானது. கறுப்புத் திரையில் சாலையின் இருபுறமும் வெள்ளைக் கம்பங்கள் நகரும், அவ்வளவுதான். கார்கூடத் திரையில் வரையப்படவில்லை, திரைமீது ஒட்டிய வெறும் படம். காட்ட இயலாததை இருட்டு என்று சொல்லிவிட்டார்கள். ஆயினும் கம்பங்கள் வளையும் விதத்தைப் பார்த்துக் கை திரும்பியது, காலம் தாழ்த்தினால் கார் மோதியது. ஆழங்காட்டியின் முள்ளைப் போலவே, மிகக் குறைந்த குறிகள் நம்பத்தகுந்தவையாக இருந்தால் ஓட்டுவதற்குப் போதும் என்பதை அது காட்டியது.

1991இல் ஜெஃப் கிராமண்ட் உருவாக்கிய ‘ஃபார்முலா ஒன் கிராண்ட் ப்ரீ’ இவ்வரலாற்றின் திருப்புமுனை. அதில் ஆறு உதவிகள் இருந்தன: தானே பிரேக் பிடித்தல், தானே கியர் மாற்றுதல், சுழன்ற காரைத் தானே நேராக்குதல், சேதமின்மை, சிறந்த தடத்தைக் கோடிட்டுக் காட்டுதல், ஏற்ற கியரைப் பரிந்துரைத்தல். ஒவ்வொன்றையும் ஒரு விசையால் ஏற்கவோ நீக்கவோ முடியும். ஆட்ட நிலை உயர உயர உதவிகள் குறையும். மெய்மை என்பது நிலையான ஓர் அளவன்று, ஆடுபவர் தம் திறனுக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பின் அளவு என்ற கருத்து இங்கே தெளிவான வடிவம் பெற்றது.

1998இல் பாப்பிரஸ் நிறுவனத்தின் ‘கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்’ மறுமுனைக்குச் சென்றது. 1967ஆம் ஆண்டின் கார்கள், மெல்லிய டயர்கள், இறக்கைகள் இல்லாத உடல். பிரேக் பிடித்தால் எடை முன்னே சாயும், விசையை விட்டால் பின்சக்கரம் பிடி இழக்கும். புதியவர்கள் முதற்சுற்றையே முடிக்க முடியாமல் திணறினர். இக்காலத்தில்தான் விசை திருப்பும் ஸ்டீயரிங்குகள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. அவற்றின் பயன் வெறும் அதிர்வன்று. உண்மைக் காரில் முன்சக்கரங்கள் பிடியின் எல்லையை நெருங்கும்போது, பிடி முற்றும் தளர்வதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கின் எதிர்விசை தளரத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் முன் கைக்குச் செய்தி வந்துவிடுகிறது. எந்தத் தெளிவான படமும் இச்செய்தியைத் தர முடியாது.

விசைப்பலகையில் ஆடுபவரின் நிலை வேறு. அம்புக்குறி விசை அழுத்தப்பட்டிருக்கும் அல்லது விடப்பட்டிருக்கும், இடைநிலை இல்லை. ஆகவே மென்பொருள் சக்கரத்தை மெல்ல மெல்லத் திருப்புகிறது, வேகம் கூடும்போது திருப்பத்தைக் குறைக்கிறது. ஆடுபவர் அறியாமல் அவருடைய கைக்கும் சக்கரத்துக்கும் இடையே இன்னொரு ஓட்டுநர் அமர்ந்திருக்கிறார். அமைப்புப் பட்டியலில் காணப்படும் நேர்கோட்டுத்தன்மை, அசைவற்ற பகுதி, திருப்ப வேகம் போன்ற தெரிவுகள் யாவும் அந்த மறைமுக ஓட்டுநருக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம் என்ற வினாவின் வெவ்வேறு வடிவங்களே.

சுரங்கத்திலும் இத்தகைய மறைமுக ஓட்டுநர்கள் உண்டு. கூண்டு எல்லை மீறி உயர்ந்தால் வடத்திலிருந்து அதைக் கழற்றித் தாங்கிப் பிடிக்கும் கொக்கியை 1860களில் லங்காஷயரில் எட்வர்ட் ஓர்மரோட் வடிவமைத்தார். பின்னர், வேகம் வரம்பு மீறினால் தானே பிரேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வந்தன. ஆனால் வேறுபாடு ஆழமானது. விளையாட்டில் உதவியை நீக்குவது திறமையின் அடையாளம். சுரங்கத்தில் அதை நீக்குவது குற்றம். ஏனெனில் அங்கே விளைவைச் சுமப்பவர் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் அல்லர், வடத்தின் மறுமுனையில் நிற்பவர். 1973 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் மார்க்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் பிரேக்கின் உலோகத் தண்டு தேய்வுற்று முறிந்தது. டிரைவர் பிரேக்கை இழுத்தார், அவசர நிறுத்தியையும் அழுத்தினார், எந்திரம் நிற்கவில்லை. 18 பேர் இறந்தனர். கையின் கட்டளை சரியாக இருந்தும் எந்திரம் கேட்காத கணம் அது.

இங்கே மெய்மை பற்றிய இரண்டாவது வினா எழுகிறது: யாருடைய இருக்கையிலிருந்து மெய்மை? பந்தய விளையாட்டு எப்போதும் கட்டுப்படுத்துபவரின் இருக்கையில் ஆடுபவரை அமர்த்துகிறது. தங்கவயலின் வரலாற்றிலோ பெரும்பான்மையோர் கட்டுப்பாடற்ற பயணிகள். இருளில் நெருங்கி நின்றபடி, காது அடைக்க, வெப்பம் ஏற, அடுத்தவர் கையை நம்பி இறங்கியவர்கள். நிலத்தடியில் பாறை வெடிப்பு எப்போது நேரும் என்பதும் அவர்கள் கையில் இல்லை. அவர்கள் கட்டுப்பாட்டைக் கோரிய இடம் வேறு. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உடலைப் பதிவேட்டின் குறியாக மாற்றும் அதிகாரத்தை மறுத்த செயல் அது. எந்திரத்தின் கைப்பிடி எட்டாதவர்கள் வேலையின் கைப்பிடியைப் பற்ற முயன்றார்கள் என்று அதைப் படிக்கலாம்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. குழிகளில் நீர் ஏறியது. சயனைடு மேடுகள் எஞ்சின. மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயில்களில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தலைமுறை வளர்ந்தது. 2018இல் வெளியான திரைப்படம் ஒன்று ‘கேஜிஎஃப்’ என்ற பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. அதில் கண்ட ஊர் இந்த ஊர் அன்று.

தங்கவயலை எண்ணிமத்தில் மீட்டுருவாக்க எவரேனும் முற்பட்டால், ஹெட்கியரின் துருவையும் மேடுகளின் சாம்பல் நிறத்தையும் துல்லியமாக வரைவது இன்றைய கருவிகளுக்கு எளிது. பந்தய விளையாட்டின் அரைநூற்றாண்டு வரலாறு தரும் எச்சரிக்கையை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்: நைட் டிரைவருக்குப் படமே இல்லை, ஆனால் ஓட்டம் இருந்தது. நடுவழியில் கனம் பக்கம் மாறுவதை உணராத வைண்டிங் எந்திரம், எத்தனை அழகாக வரையப்பட்டாலும், பொய்யே. அந்த உணர்வு எந்த வரைபடத்திலும் இல்லை. கைப்பிடியைப் பிடித்தவர்களின் நினைவிலும், மணிக்கு எண்ணிக்கை பார்த்தவர்களின் நினைவிலும், கூண்டில் நின்றவர்களின் உடலிலும் இருக்கிறது. சுரங்கம் மூடி 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர்களுள் இளையவர்களும் இப்போது முதியவர்கள். கட்டடங்களை அளப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் களப்பணி, அவர்கள் முன் அமர்ந்து, எந்த ஆழத்தில் கை எப்படி மாறியது என்று கேட்டு எழுதுவதே.