போர்டு மாறுச்சு, பர்கர் மாறல

இன்னைக்கு எபிசோட்ல, தடை விதிக்கப்பட்ட ஒரு நாட்டை விட்டு பெரிய பிராண்டுகள் 'வெளியேறிட்டோம்'னு சொல்றப்போ உண்மையில என்ன நடக்குதுன்னு பார்க்கப் போறோம்.

1990 ஜனவரி 31, மாஸ்கோ. புஷ்கின் சதுக்கத்துல, கடுங்குளிர்ல, நீண்ட வரிசை. சோவியத் யூனியனோட முதல் மெக்டொனால்ட்ஸ் அன்னைக்குத் திறக்குது. முதல் நாள் மட்டும் 30,000 பேருக்கு மேல வந்தாங்க.

இதுக்குப் பின்னாடி 14 வருஷப் பேச்சுவார்த்தை இருக்கு. கனடாவுல மெக்டொனால்ட்ஸை நடத்தின ஜார்ஜ் கோஹன், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் சமயத்துல சோவியத் அதிகாரிகளோட பேச ஆரம்பிச்சார். அனுமதி கிடைச்சாலும் சரக்கு கிடைக்கல. அவங்க எதிர்பார்த்த தரத்துல உருளைக்கிழங்கு, இறைச்சி, பன் எதுவும் அங்க இல்ல. அதனால மாஸ்கோ பக்கத்துல சொந்தமா ஒரு பெரிய உணவுத் தொழிற்சாலையே கட்டினாங்க. அடுத்த 30 வருஷத்துல, தேவையான பொருள்கள்ல பெரும்பகுதி ரஷ்யாவுக்குள்ளேயே தயாராக ஆரம்பிச்சது. இந்த விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

2022 பிப்ரவரி 24 அன்னைக்கு ரஷ்யா உக்ரைன் மேல முழுப் படையெடுப்பை ஆரம்பிச்சது. மார்ச் 14-க்குள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகள் மூட ஆரம்பிச்சுது. அப்போ ரஷ்யாவுல கிட்டத்தட்ட 850 கடைகள், 62,000 ஊழியர்கள்.

இங்க நிறைய பேர் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கிறாங்க. பொருளாதாரத் தடை வந்துச்சு, அதனால கடையை மூடினாங்கன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. தடைகள் குறி வச்சது வங்கிகளை, சிப்களை, விமான உதிரி பாகங்களை. ஐரோப்பிய ஒன்றியம் ஆடம்பரப் பொருள்களையும் தடை செஞ்சது, ஆனா பொதுவா 300 யூரோவுக்கு மேல விலை இருந்தாத்தான். பர்கர் விக்காதே, சட்டை விக்காதேன்னு எந்தச் சட்டமும் சொல்லல. வாடிக்கையாளர்களோட கோபம், உக்ரைனோட வேண்டுகோள், பணப் பரிவர்த்தனைச் சிக்கல், சரக்குப் போக்குவரத்துச் சிக்கல், இதெல்லாம் சேர்ந்துதான் அவங்களை நகர்த்துச்சு. ஜப்பானோட யூனிக்ளோ நிறுவனத் தலைவர், துணி அத்தியாவசியம், அதனால நாங்க இருப்போம்னு சொன்னார். சில நாள்லயே முடிவு மாறிடுச்சு.

2022 மே மாசம் மெக்டொனால்ட்ஸ் தன் கடைகளை அலெக்சாண்டர் கோவோர்ங்கிற சைபீரியத் தொழிலதிபருக்கு விக்கிறதா அறிவிச்சது. ஊழியர்களைக் குறைஞ்சது 2 வருஷம் வேலையில வச்சிருக்கணும்ங்கிறது ஒரு நிபந்தனை. 15 வருஷத்துக்குள்ள திரும்ப வாங்கிக்கிற உரிமையும் ஒப்பந்தத்துல இருந்துச்சு. ஜூன் 12, ரஷ்ய தேசிய தினம். அதே புஷ்கின் சதுக்கத்துல, அதே கட்டடத்துல, 'வ்குஸ்னோ இ தோச்கா'ன்னு புது போர்டு. 'ருசி, அவ்ளோதான்'னு அர்த்தம். பேர் வேற, லோகோ வேற. சமையலறை அதேதான், ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

மூணே மாசத்துல இது எப்படி முடிஞ்சது? பதில் அந்த 30 வருஷத்துலதான் இருக்கு. மாவு, இறைச்சி, பயிற்சி பெற்ற ஊழியர்கள் எல்லாமே உள்ளூர். வெளிநாட்டுல இருந்து வந்தது பேர் மட்டும்தான், அதைத்தான் அவங்க எடுத்துட்டுப் போனாங்க. கோகோ கோலா நின்ன இடத்துல 'டோப்ரி கோலா' வந்துச்சு. ஒரிஜினல் வேணுமா? பிராண்ட் உரிமையாளர் அனுமதி இல்லாமலே மூணாவது நாடு வழியா கொண்டு வர்ற 'இணை இறக்குமதி'யை ரஷ்ய அரசு 2022-லயே சட்டபூர்வமாக்கிடுச்சு.

இது புது வித்தையும் இல்ல. 1986-க்குப் போவோம், நிறவெறி ஆட்சியில இருந்த தென்னாப்பிரிக்கா. (அந்த நாட்டோட வர்த்தகத்தை இந்தியா 1946-லயே நிறுத்திட்டது.) அமெரிக்காவுல மாணவர்கள், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தாங்க. அந்த வருஷம் கோகோ கோலா தன் பங்குகளை விக்கிறதா அறிவிச்சு, கோலாவுக்கான அடிப்படைக் கலவை தயாரிக்கிற வேலையைப் பக்கத்து நாடான ஸ்வாசிலாந்துக்கு மாத்துச்சு. ஆனா தென்னாப்பிரிக்கக் கடைகள்ல கோக் விற்பனை நிக்கல. கோடாக் வேற வழியில போச்சு. நாட்டை விட்டுப் போறதோட, எங்க பொருளையும் அங்க அனுப்ப மாட்டோம்னு சொல்லுச்சு. இரண்டுக்கும் பேர் 'வெளியேற்றம்'தான். ஜெனரல் மோட்டார்ஸ் போர்ட் எலிசபெத் ஆலையை உள்ளூர் நிர்வாகிகளுக்கு வித்தப்போ, எங்களைக் கேட்காம எங்களை விக்கிறீங்களே, எங்க பங்கு எங்கேன்னு தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செஞ்சாங்க.

அதனால, ஒரு பிராண்ட் வெளியேறுச்சுன்னு செய்தி வந்தா நான் மூணு கேள்வி கேட்பேன். பொருள் இன்னும் கிடைக்குதா? கட்டடமும் தொழிற்சாலையும் யார் கைக்குப் போச்சு? ஊழியர்களுக்கு என்ன ஆச்சு?

ரஷ்யாவுல இரண்டாவது கேள்விக்கான பதில் போகப் போக மோசமாச்சு. வெளியேறணும்னா சந்தை மதிப்புல பாதிக்கு மேல விலை கேட்கக் கூடாதுன்னு அரசு விதி போட்டுச்சு. அரசுக்குத் தனியா ஒரு தொகையும் கட்டணும். 2024 அக்டோபர்ல தள்ளுபடி குறைஞ்சது 60%, அரசுக்குக் கட்ட வேண்டியது 35%னு ஏறுச்சு. நடுவுல 2023 ஜூலையில, டானோன், கார்ல்ஸ்பெர்க் நிறுவனங்களோட ரஷ்யக் கிளைகளை ஒரே ஆணையில அரசு தன் தற்காலிக நிர்வாகத்துக்குள்ள கொண்டு வந்துச்சு. ஃபிரான்ஸோட ஓஷான் மாதிரி சூப்பர் மார்க்கெட்டுகள், சாதாரண மக்களுக்கு உணவு விக்கிறோம்னு சொல்லி அங்கேயே இருந்தாங்க. அவங்க கட்டுற வரி போர் நடத்துற அரசோட கஜானாவுக்குத்தான் போகுதுங்கிறது உக்ரைனோட குற்றச்சாட்டு.

அப்போ தடையே வீண்தானான்னு கேட்கலாம். இல்ல. அதே 2022 ஜூன்ல லாடா கார் திரும்ப உற்பத்திக்கு வந்துச்சு, ஏர்பேக் இல்லாம, ஏபிஎஸ் பிரேக் இல்லாம. ஏன்னா அந்த பாகங்கள் வெளியில இருந்து வந்தவை. உள்ளூர்ல செய்ய முடியாததை நிறுத்தினா வலிக்கும். உள்ளூர்ல செய்யக் கத்துக்கொடுத்துட்டுப் போனா போர்டு மட்டும்தான் மாறும்.

அதுக்காக மெக்டொனால்ட்ஸ் அங்கேயே இருந்திருக்கணும்னு நான் சொல்லல. ஒரு போருக்கு நடுவுல உங்க பேர் அங்க தொங்கக் கூடாதுன்னு முடிவெடுக்கிறது நியாயமான முடிவு. ஆனா அது தன் பேரைக் காப்பாத்திக்கிற முடிவு. போரை நிறுத்துற வேலையை அதுகிட்ட எதிர்பார்த்தா, நாமதான் ஏமாறுவோம்.

நீங்க என்ன நினைக்கிறீங்க, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.